கோளரங்கத்துக் கூரையில் குடும்ப விஷயம்

மதிப்பும் பிரியமும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உங்கள் மாமியாரும் உடம்பளவில் சுகம். அங்கு நீங்களும் என் மகளும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டிய அவசியமில்லை. எனக்குத் தெரியும். சனிக்கிழமைக் காட்சிக்கு வந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். போனில் சொல்லலாம் என்றால் உங்கள் மாமியார் பிடுங்கிக்கொள்வாள். அவள் இப்போது இருக்கிற இருப்பில் உங்களோடு பேசாமலிருப்பதே உங்களுக்கு நல்லது.

எங்கள் கோளரங்கத்தின் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. உடம்பெல்லாம் ஓட்டை போட்ட அந்த உருண்டைக்குள், பூசணி என்று நாங்கள் கூப்பிடுவோமே, அதற்குள் ஒரு பல்பு எரிந்தால் போதும், கூரை முழுக்க நட்சத்திரம். அந்தப் பல்பு புகைந்துவிட்டது. கம்பெனிக்கு எழுதினால், அந்தப் பல்பு செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டோம், இனி எல்லாம் கம்ப்யூட்டர்தான் என்று கையை விரித்துவிட்டார்கள். இதுதான் சாக்கு என்று அரங்கத்தை நடத்தும் கமிட்டியின் தலைவர், "இனி எதுக்குங்க இது? நாற்காலி அடுக்க இடமில்லாம தவிக்கிறோம்" என்று ஆரம்பித்தார். வட்டமான அறையில் எப்படி அடுக்குவீர்கள் என்று கேட்டேன். வட்டமாக அடுக்குவோம் என்றார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அப்போதுதான் நீங்கள், "ஆபீஸ்ல கழிச்சுப் போட்டது மாமா, சும்மாதான் கிடக்குது" என்று ஒரு புரொஜக்டரையும் உங்கள் லேப்டாப்பையும் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தீர்கள். சனிக்கிழமை கமிட்டி வந்து பார்ப்பதாக ஏற்பாடு. பிடித்தால் அரங்கம், பிடிக்காவிட்டால் நாற்காலி.

முதலில் ராத்திரியே வரவில்லை. பூசணி காலத்தில் விளக்கை அணைத்தால் பக்கத்து ஆள் மூக்குகூடத் தெரியாது. உங்கள் மெஷினில் இருட்டும் வெளிச்சமாகத்தான் வருகிறது, சரியாகத் துடைக்காத கரும்பலகை மாதிரி. அதன் விசிறி வேறு நான் பேசுவதற்கு மேல் பேசுகிறது. போகட்டும் என்று சூரியோதயத்தை ஓட்டினேன். எங்கள் அரங்கில் வாசல் கிழக்கு, கழிப்பறை மேற்கு, இத்தனை வருஷமும் சூரியன் வாசலுக்கு மேலேதான் உதித்திருக்கிறது. அன்றைக்கு ஜம்மென்று கழிப்பறைக்கு மேலே உதித்தது. ஏதோ ஒரு பட்டனைத் தொட்டால் படம் இடம் வலமாகத் திரும்பிவிடும் என்று நீங்கள் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வருகிறது. டிக்கெட் கொடுக்கிற அம்மாள் என் காதோரம் வந்து, "சார், நான் வேணா கிழக்கு, மேற்கு போர்டை மாத்தி மாட்டிடவா?" என்றார்.

எப்படியோ அந்தப் பட்டனைத் தேடிப் படத்தை நேராக்கி வியாழன் கிரகத்துக்கு வந்தேன். "இப்போது வலப்பக்கம் பாருங்கள்" என்றேன். எல்லோரும் பார்த்தார்கள். வலப்பக்கக் கூரையில் பஸ் நீளத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை, அதில் என் மகள்: "அம்மா வந்தா ஒரு மாசம் இருப்பாங்க. நீங்க முகத்தைத் தூக்கி வச்சுக்காதீங்க." ஐயா, உங்கள் மெசேஜ் கணக்கை மூடாமலா லேப்டாப்பைக் கொடுப்பது? உங்களுக்கு வருவதெல்லாம் எனக்கு ஆகாயத்தில் வருகிறது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த உங்கள் மாமியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தாள். நீங்கள் அங்கே என்ன பதில் போட்டீர்களோ, அது எங்களுக்குத் தெரியவில்லை, ஆனால் அடுத்ததாக, "சின்ன ரூம் போதுமா? எங்க அம்மா என்ன சூட்கேஸா?" என்று வந்தது. கூட்டம் உங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. வியாழனுக்கு எத்தனை நிலா இருந்தால் யாருக்கு என்ன? தலைவரின் மனைவி, "அப்புறம் என்னாச்சு?" என்று என்னையே கேட்கிறார்.

அப்புறம் ஆனது இதுதான். "சரி விடுங்க, சண்டை வேணாம். நீங்க ஆசைப்பட்டு வாங்கின புது புரொஜக்டரை ஆபீஸ்ல கழிச்சதுன்னு பொய் சொல்லிக் கொடுத்தீங்களே, அது ஒண்ணே போதும். அந்த ஹால் போச்சுன்னா எங்க அப்பா ஒடிஞ்சு போயிடுவார்." மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். அந்த விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

உங்கள் மனசுக்கு நன்றி மாப்பிள்ளை. மனசு வேறு, மெஷின் வேறு. நாற்காலி அடுக்கினாலும் அடுக்கட்டும், இந்த மானக்கேடு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வந்து கழற்றி எடுத்துக்கொண்டு போகவும். நம் வீட்டு விஷயம் இனி நம் வீட்டுக் கூரைக்குக் கீழேயே இருக்கட்டும்.

சண்டை போட்டாலும் ஒரே வீட்டுக்குள் போட்டுக்கொண்டு இருவரும் நெடுநாள் நன்றாயிருக்க ஆசீர்வதிக்கும்,
உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது தலைவர் போன் செய்தார். வருகிற சனிக்கிழமைக் காட்சிக்கு டிக்கெட் தீர்ந்து இடமே இல்லையாம், நாற்காலிகளை அடுக்காமல் நம் அரங்கத்திலேயே போடச் சொல்லிவிட்டார். மாமியாருக்கு எந்த ரூம் கிடைத்தது என்று அவர் மனைவிக்குத் தெரிந்தாக வேண்டுமாம். ஆகவே மெஷின் இருக்கட்டும், கணக்கை மூடிவிடாதீர்கள். மகளிடம் சொல்லி, சனிக் கிரகம் முடிந்து நான் மிஸ்டு கால் கொடுத்ததும் ஏதாவது எழுதச் சொல்லவும். பெரிய ரூம் என்றே வரட்டும். உங்கள் மாமியார் முன்வரிசையில்தான் உட்காருவாள், கூடவே சூட்கேஸையும் கொண்டுவருகிறாளாம்.