பெரியநாயகி மெஷினுக்குச் சொன்ன சம்மதம்

புலாவ் செபாங்,
14.8.1995

மதிப்பிற்குரிய சம்பந்தி நல்லமுத்து அவர்களுக்கு,

சம்பந்தி என்று எழுத எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதென்று நம்பி, சாமிநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம் என்றுதான் எழுத வேண்டும். என் பிரஷர் மட்டும் நூற்றெழுபது. அங்கே லூபோக் சீனா ஊரில் தாங்களும் வீட்டம்மாவும் மாப்பிள்ளை ஹரிதாசும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

சனிக்கிழமை மாலை தாங்கள் போன் செய்தபோது என் வீட்டில் யாரும் பதில் சொல்லவில்லை என்று மனம் நொந்திருக்கிறீர்கள். பதில் சொன்னோம். என் மனைவி பெரியநாயகி ஒன்றுவிடாமல் சொன்னாள். அது தங்கள் காதுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படுங்கள்.

என் மகன் வசந்தன் ஃபேக்டரியில் டெக்னீஷியன் ஆனதிலிருந்தே வீட்டில் நிம்மதி போயிற்று. அவன் இடுப்பில் ஒரு பேஜர், அது கத்தினால் சோற்றைப் போட்டுவிட்டு போனுக்கு ஓடுவான், அவன் ஓடுவதைப் பார்த்து என்னமோ ஏதோவென்று நானும் ஓடுவேன், அங்கே போனால் சூப்பர்வைசர் ஸ்பேனர் எங்கே வைத்தாய் என்று கேட்பார். முப்பது வருடம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸராக இருந்து ஊருக்கெல்லாம் பிரஷர் பார்த்தவன், கடைசியில் எனக்கே பார்க்க வேண்டியதாயிற்று. டாக்டர் சின்னப் பையன், "டென்ஷன குறைங்க அங்கிள், சாயங்காலம் ரெண்டு மணி நேரம் போன் பக்கமே போவாதீங்க"ன்னுட்டான். நானும் காலண்டர் பின்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்: மாலை ஆறு முதல் எட்டு வரை யாரும் போனை எடுக்கக் கூடாது. பேஜரை மைலோ டின்னில் போட்டு மூடினேன், அது டின்னுக்குள்ளிருந்து இன்னும் பலமாகக் கத்தியது. அந்த நேரத்தில் வருகிற போனுக்குப் பதில் சொல்ல வசந்தன் ஒரு மெஷின் வாங்கி மாட்டினான். வீட்டில் யாரும் இல்லை, சேதியைச் சொல்லுங்கள் என்று அவன் இங்கிலீசில் பேசி வைத்ததைத்தான் தாங்கள் கேட்டீர்கள். நானோ டாக்டர் சொன்ன மூச்சுப் பயிற்சிக்காகக் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன்.

இதில் இன்னொன்று, பேசுகிறவர் குரல் அந்த மெஷினில் வீடு முழுக்கக் கேட்கும். பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்த பெரியநாயகி தங்கள் குரல் கேட்டதும் எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மெஷின் முன்னால் நின்றாளாம். போனை எடுக்கக் கூடாது என்றுதானே உத்தரவு, பேசக் கூடாது என்று இல்லையே.

"ஹலோ, லூபோக் சீனா நல்லமுத்து பேசுறேன். வீட்டுல யாரும் இல்லையா?"

"இருக்கோம்ணே. சாப்பிட்டீங்களா? அண்ணி நல்லா இருக்காங்களா?"

"மெர்டேக்கா, சுதந்திர தின லீவு, முப்பத்தொண்ணாந் தேதி வியாழக்கிழமை வருது. அன்னைக்கே பரிசம் போட்டுக்கலாமான்னு கேக்கத்தான்."

"தாராளமா போட்டுக்கலாம்ணே."

"ஹலோ. யாராச்சும் இருக்கீங்களா இல்லையா?"

"இங்கனதாண்ணே நிக்கிறேன்."

"பேச இஷ்டமில்ல போல. சரி."

ஆண்கள் அப்படித்தான் சுருக்கமாகப் பேசி வைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு அவள் பாயசம் வைத்துவிட்டாள். பஞ்சை எடுத்துவிட்டு நானும் இரண்டு கிண்ணம் குடித்தேன். வேலை முடிந்து வந்த வசந்தன் டேப்பைப் போட்டால் தங்கள் குரல் மட்டும்தான் இருக்கிறது. "அது மெஷின் லா, அம்மா, நீங்க பேசுனா அவருக்குக் கேக்காது"ன்னான். பெரியநாயகி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நேற்று மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் அவர் வெளியில் போயிருக்கிறார் என்று வீட்டம்மா சொன்னார்கள். பின்னால் தாங்கள் இருமியது கேட்டது. அந்த இருமலைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் அவசர புத்தியால் ஒரு நல்ல சம்பந்தம் போய்விடுமோ, நாளைக்கு என் மகள் நிர்மலாதேவி முகத்தில் எப்படி விழிப்பேன் என்றே இருக்கிறது.

ஆகவே, மெஷினைக் கழற்றிவிட்டேன். சுவரில் ஒட்டியதையும் கிழித்தாயிற்று. இனி எந்த நேரத்தில் மணி அடித்தாலும் நானே எடுப்பேன், பிரஷர் ஏறினால் ஏறட்டும். மெர்டேக்கா அன்றைக்கே பரிசம், எங்களுக்குப் பரிபூரண சம்மதம். தயவுசெய்து கோபத்தைத் தள்ளிவிட்டுக் குடும்பத்தோடு வாருங்கள். வீட்டம்மாவுக்கு எங்கள் வணக்கம், மாப்பிள்ளைக்கு ஆசி. மாரியம்மன் எல்லாரையும் காக்கட்டும்.

தங்கள் பதிலுக்காகப் போன் பக்கத்திலேயே காத்திருக்கும்,
சாமிநாதன்

பி.கு.: நான் சொல்லச் சொல்ல இந்தக் கடிதத்தை நிர்மலாதான் எழுதினாள். 'பரிபூரண சம்மதம்' என்ற இடத்தில் சற்று நிறுத்தினாள், பிறகு எழுதினாள். கையெழுத்துப் போட்டதும் கேட்டேன், ஏம்மா நிறுத்தினாய் என்று. "அம்மா பேசினப்ப நானும் பக்கத்துலதாம்பா இருந்தேன். நான் போன எடுத்திருந்தா, இப்ப வேணாம், மொதல்ல அவர்கிட்ட பேசணும்னு சொல்லியிருப்பேன். போட்டோவுலதானே அவரப் பாத்திருக்கேன். என்னைய யாருமே கேக்கலையே"ன்னா. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, சம்பந்தி. ஆகையால் மேலே எழுதியதை விட்டுவிடுங்கள், வியாழக்கிழமை பரிசம் வேண்டாம். மாப்பிள்ளையை மட்டும் ஒருநாள் அனுப்புங்கள், இருவரும் உட்கார்ந்து பேசட்டும். அவள் சரி என்றால் போனில் சொல்கிறேன். வேண்டாம் என்றால் பஸ் ஏறித் தங்கள் வாசலுக்கு வந்து நானே சொல்வேன்.