பேத்தி பரீட்சைக்கு நான் காவல் இருந்த லட்சணம்

சனிக்கிழமை எனக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. வாசலில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். உள்ளே பேத்தி பரீட்சை எழுதுவாள். யாரையும் உள்ளே விடக் கூடாது.

உட்காருவது எனக்குக் கைவந்த வேலை. என் மருமகள் சுமதியைக் கேட்டால் விவரமாகச் சொல்வாள்.

பேத்தி தேவிகா பன்னிரண்டாவது படிக்கிறாள். சென்னையில் ஒரு டிரஸ்ட்டில் காலேஜ் நுழைவுத் தேர்வுக்கு இலவசமாகச் சொல்லித் தருகிறார்களாம். தங்க இடம், சாப்பாடு எல்லாம் உண்டு. ஆனால் அதில் சேரவே ஒரு பரீட்சை. அந்தப் பரீட்சையும் போனில்தான். இது கிடைக்காவிட்டால் அவளை வெளியூர் அனுப்பிப் படிக்க வைக்க என் மகனால் ஆகாது. ஒரகடத்தில் ஷிப்டு வேலை பார்க்கிறவன் சம்பளம் எனக்குத் தெரியாதா.

இவள் படிப்பு முழுக்கப் போனில்தான் நடக்கிறது. பாடம் போனில். சந்தேகம் வந்தால் போனைக் கேட்கிறாள், அதுவே பதில் சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரைக் கேட்டால் அவரும் "போன்ல பாரும்மா" என்கிறாராம்.

வகுப்பில் பெரிய டிவி மாதிரி ஒன்று மாட்டியிருக்கிறார்கள். தொட்டால் எழுதும் பலகையாம். யாரும் தொட்டுவிடக் கூடாது என்று துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். ஆயுத பூஜைக்கு மட்டும் துணியை எடுத்துப் பொட்டு வைக்கிறார்கள்.

நான் மூணாவதோடு நின்றவன். எங்கள் வாத்தியார் காப்பியடிக்கிறவனைப் பிடிப்பார். மத்தியானம் அவர் தூங்கிவிட்டால் பிடிக்க மாட்டார். இந்தப் போன் தூங்காது. முன்னால் உட்கார்ந்திருப்பவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். பேச்சுக் குரல் கேட்டால் பதிவு பண்ணிக்கொள்ளும். இன்னொரு முகம் தெரிந்தால் எச்சரிக்கை. மூன்றாவது தடவை தெரிந்தால் பரீட்சை மூடிக்கொள்ளும்.

இதையெல்லாம் தேவிகா எனக்குக் காலையிலேயே பாடமாகச் சொல்லிவிட்டாள். நானும் தலையாட்டினேன்.

பின்னால் வெள்ளைச் சுவர் இருக்க வேண்டுமாம். எங்கள் வீட்டுச் சுவர் பச்சை. போதாததற்கு நாலு காலண்டர். அதனால் என்னுடைய நல்ல வெள்ளை வேட்டியைக் கயிறு கட்டித் தொங்க விட்டோம். ஏகாம்பரம் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு நான் கட்டிக்கொண்டு போன அதே வேட்டி.

ஏகாம்பரம் சுமதியின் அண்ணன். தேவிகாவுக்குத் தாய்மாமன். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். அவனோடு எனக்குப் பேச்சு இல்லை.

காரணம் சின்னது என்று சுமதி சொல்வாள். நீங்களே சொல்லுங்கள். அந்த கிரகப்பிரவேச வீடியோவை நான் முழுசாகப் பார்த்தேன். பசுமாட்டைக் காட்டுகிறான், கன்றுக்குட்டியைக் காட்டுகிறான், வாசலில் கிடந்த செருப்பைக்கூட ஒரு சுற்று சுற்றிக் காட்டுகிறான். பெண் எடுத்த சம்பந்தி வீட்டுப் பெரிய மனுஷன், என்னைக் காட்டவில்லை. பாயசம் ஊற்றும் இடத்தில் ஒரு முழங்கை வருகிறது. அது என் முழங்கை என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அன்றிலிருந்து நான் பேசுவதில்லை. என்னைப் பார்த்து அவனும் நிறுத்திக்கொண்டான்.

சரி, பரீட்சைக்கு வருகிறேன்.

சுமதி நூறு நாள் வேலைக்குக் கிளம்பும் முன்னால் மகளுக்குப் புதுச் சுடிதார் போட்டுவிட்டு, தலை வாரி, பழக்கதோஷத்தில் ரெண்டு முழம் மல்லிப்பூவும் வைத்துவிட்டுப் போனாள். அரிசி டின் மேல் போன். அதற்கு நேராக வேட்டித் திரைக்கு முன்னால் பேத்தி. முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும் என்பதால் வாசக்கதவு விரியத் திறந்திருந்தது. நான் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன்.

பரீட்சை ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் வேட்டி ஒரு பக்கம் சரிந்தது. காலண்டரில் இருந்த முருகர் எட்டிப் பார்த்தார். இன்னொரு முகம் தெரியக் கூடாதே என்று பதறிப்போய் முருகரை மறைக்க ஓடினேன். போனில் சிவப்பாக ஏதோ வந்தது. முருகரை அது கண்டுகொள்ளவில்லை. என்னைத்தான் பிடித்தது.

தேவிகா கண்ணாலேயே என்னை வெளியே அனுப்பினாள்.

அதற்கப்புறம் நான் அசையவில்லை. ஆனால் எவ்வளவு எழுதியிருக்கிறாள் என்று தெரிய வேண்டாமா? பின்பக்கமாகப் பூனை மாதிரி போய் எட்டிப் பார்த்தேன். போனின் மூலையில் ஒரு சின்னக் கட்டம், அதில் தேவிகா முகம், அவள் தோளுக்கு மேல் யாரோ ஒரு கிழவன். யார்றா இவன் என்று பார்த்தால் நான். மீசை ஒரு பக்கம் கலைந்திருந்தது. கையால் தடவிச் சரி செய்தேன்.

மறுபடி சிவப்பு.

தேவிகா ஒரு விரலைக் காட்டினாள். இன்னும் ஒன்றுதான் பாக்கி. இந்தத் தடவை கண்ணில் கோபம் இல்லை. பயம் இருந்தது. அதைப் பார்த்ததும் சத்தம் வராமல் வாசலுக்கு வந்தேன்.

நாற்காலியைத் தெருப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். இனிமேல் உள்ளே பார்த்தால்தானே.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக் கோமளா உறை மோருக்குக் கிண்ணத்தோடு வந்தாள். உள்ளே பார்த்தாள். புதுச் சுடிதார், மல்லிப்பூ, பின்னால் வெள்ளைத் திரை, போனுக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கிற பெண், வாசலில் சட்டை போட்ட தாத்தா. இப்போதெல்லாம் வெளிநாட்டு மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்ப்பது இப்படித்தான். போன தையில் கோமளா மகளையே துபாயிலிருந்து இப்படித்தான் பார்த்தார்கள். நானும் அன்று அங்கே இருந்தேன், கேசரி சாப்பிட்டேன். அது என் மண்டையில் ஏறவில்லை.

பரீட்சை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊர் கண் பட்டால் சீட்டு போய்விடுமே என்று, கோமளாவைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போய் ரகசியமாகச் சொன்னேன்.

"இன்னைக்கு ஒண்ணும் கேக்காத. முடியட்டும், நானே சொல்றேன். யார்கிட்டயும் மூச்சு விடாத."

அவள் தலையை ஆட்டிவிட்டு, மோர் வாங்காமலே போய்விட்டாள்.

தெருவில் நடமாட்டம் கூடியது. எங்கள் வீட்டைத் தாண்டும்போது எல்லோரும் மெதுவாக நடந்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். மரியாதைக்கு நானும் சிரித்து வைத்தேன். அதுதான் ஊர்ஜிதம் ஆகிவிட்டது போல.

பரீட்சை முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கும். ஒரு பைக் வந்து நின்றது. ஏகாம்பரம். கையெல்லாம் வார்னிஷ். கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறான். தாய்மாமனைக் கேட்காமல் பெண் பார்க்க விட்டால் எங்கள் பக்கம் வெட்டுக்குத்து வரைக்கும் போகும்.

ஆனால் என்னோடுதான் பேச்சு இல்லையே. வேப்பமரத்தில் கட்டியிருந்த ஆட்டைப் பார்த்துப் பேசினான். கோபத்திலும் குரல் அமுங்கித்தான் வந்தது, தெரு பார்க்கிறதல்லவா.

"பதினெட்டு ஆவாத பொண்ணு. படிச்சிக்கினு கீது. மாமன்காரன் ஒருத்தன் உயிரோடதான் கீறான்னு இந்த வூட்ல யாருக்கும் ஞாபகம் இல்ல."

ஆடு வேப்பிலை தின்றது.

இந்த இடத்தில்தான் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். தெருவில் நிற்கிறோம். எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். 'பரீட்சைடா' என்று சொன்னால் முடிந்தது. அவன் வீடியோவில் கன்றுக்குட்டிக்குக் கொடுத்த இடம் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். கையை மட்டும் குறுக்கே நீட்டினேன்.

அவன் என் கைக்கு அடியில் குனிந்து உள்ளே போய்விட்டான்.

தேவிகா அவனைப் பார்த்துவிட்டாள். உதட்டில் விரலை வைத்தாள். அவன் சொல்ல வந்ததை அப்படியே முழுங்கி, நடு வீட்டில் நின்றான். அங்கேயே நின்றிருந்தால் ஒன்றுமில்லை. போனுக்குப் பின்னால்தான் நின்றான், முகம் விழாது. ஆனால் மாப்பிள்ளை யாரென்று பார்க்க வேண்டுமே. அரிசி டின்னைச் சுற்றி அந்தப் பக்கம் போனான். நான் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவன் என் துண்டைப் பிடித்தான். நான் கதவைக் காட்டினேன். அவன் பூவைக் காட்டினான். நான் போனைக் காட்டினேன். அவன் நெஞ்சில் அடித்துக்கொண்டான், அதுவும் சத்தம் வராமல். ரெண்டு பேரும் கட்டிப் பிடித்தபடி வேட்டித் திரை மேல் சாய்ந்தோம். கயிறு அறுந்தது.

சிவப்பு. போன் மூடிக்கொண்டது.

தேவிகா அழவில்லை. தலையிலிருந்து பூவை எடுத்து டின் மேல் வைத்தாள்.

"பரீட்சை மாமா," என்றாள். "கடைசிப் பக்கம் கீது. எழுத விடலை."

ஏகாம்பரம் அப்படியே தரையில் உட்கார்ந்தான். நான் வேட்டியை மடித்தேன். மடித்ததையே திரும்பத் திரும்ப மடித்தேன். சுமதி வந்ததும் எங்கள் ரெண்டு பேரையும் சேர்த்தே திட்டினாள். தனித்தனியாகத் திட்ட அவளுக்குத் தெம்பில்லை.

திங்கட்கிழமை டிரஸ்ட்டிலிருந்து ஒரு மேடம் பேசினார். தேவிகா ஸ்பீக்கரில் போட்டாள். பரீட்சை நேரத்தில் போன் எடுத்த படத்தில் பின்னால் ரெண்டு ஆண்கள் தெரிகிறார்களே, விடை சொல்லிக் கொடுத்தார்களா என்று கேட்டார்.

"இல்ல மேடம். ஒருத்தர் தாத்தா, இன்னொருத்தர் மாமா. ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்க."

"பேசிக்க மாட்டாங்கன்னா?"

"மாமா வூட்டு கிரகப்பிரவேச வீடியோவுல தாத்தாவைக் காட்டலை. அதுலேர்ந்து."

 பிறகு மேடம் சொன்னார். பதிவை முழுக்கக் கேட்டாராம். ரெண்டு பேர் கட்டிப் புரள்கிறார்கள், ஆனால் ஒரு வார்த்தைகூட இல்லை. இப்படி ஒரு சண்டையை அவர்கள் பார்த்ததே இல்லையாம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும், எழுதின வரைக்கும் திருத்துகிறோம் என்றார்.

எழுதின வரைக்குமே போதுமானதாக இருந்தது. சீட்டு கிடைத்துவிட்டது.

அந்தப் படத்தையும் அனுப்பியிருந்தார்கள். தேவிகா பெரிதாக்கிக் காட்டினாள். ஏகாம்பரத்துக்கு ஒரு காதும் பாதிக் கன்னமும்தான் விழுந்திருக்கிறது. எனக்கு முழு முகம், மீசையோடு. அந்த வீடியோ கணக்கு அதோடு தீர்ந்தது.

பன்னிரண்டாவது முடிந்து அவள் கிளம்பிய அன்று, பெட்டியை ஏற்ற ஏகாம்பரம் வண்டி கொண்டு வந்தான். முன் சீட்டில் அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்து போனேன். சென்னை வரைக்கும் ரெண்டு பேரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு போனோம்.

பேசிவிடலாம் என்றுதான் எனக்கும் இருக்கிறது. ஆனால் நாங்கள் பேச மாட்டோம் என்று சொல்லித்தானே சீட்டு வாங்கியிருக்கிறாள், அவள் படிப்பு முடியட்டும்.