பெரிய வியாழன் நாற்காலிப் போர்

வாழி மதலைமுத்து! அகன்ற தோளும் அதனினும் அகன்ற வயிறும் படைத்தவன், ஆவடித் தொழிற்சாலையில் டாங்கிகளுக்கு மரை முடுக்கும் மாவீரன், பட்டாபிராம் லைன் வீடுகளின் பக்தசிகாமணி, பிலோமினாவைப் பெற்ற பெருந்தகை வாழி! காவியம் தொடங்குமுன் யானைமுகத்தானை அழைப்பது மரபு. இது வேதக்காரர் காவியமாதலால் அவரைத் தொந்தரவு செய்ய மனம் வரவில்லை. ஆகவே, தொலைந்த சாவியையும் தொலைந்த ஆட்டையும் தேடித்தரும் அந்தோணியாரே, இவ்வீரன் பெருமை பாடுகையில் எனக்குச் சொல் தொலைந்துபோனால் அதையும் நீரே தேடித்தர வேண்டும்.

அறுபத்தொன்பதாம் ஆண்டு. பட்டாபிராமுக்கும் நெமிலிச்சேரிக்கும் நடுவே, ரயில் போனால் கூரையோடு அதிரும் சிறு கோவில் ஒன்றில், பெரிய வியாழன் மாலைதோறும் ஒரு சடங்கு உண்டு. ஆண்டவர் தம் சீடர் பன்னிருவரின் பாதங்களைக் கழுவியதை நினைந்து, பங்குச் சாமியார் பன்னிரண்டு ஆண்களை வரிசையாக அமர்த்தி, அவர்கள் முன் மண்டியிட்டுக் கால் கழுவித் துடைப்பார். மனிதனுக்குத் தாழ்மையைக் கற்பிக்க வந்த சடங்கு. ஆனால் வரிசையின் கடைசி நாற்காலி, ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாசுடையது என்று எவனோ ஒரு புண்ணியவான் கிளப்பிவிட்டான். திருச்சபை அப்படிச் சொல்லவில்லை, சாமியாரும் சொல்லவில்லை. டீக்கடை சொல்லிவிட்டது, அதற்குமேல் அப்பீல் ஏது? போன வருஷம் அதில் உட்கார்ந்த தையற்காரர் சின்னப்பன் இன்றைக்கும் டீக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். "காட்டிக்குடுக்கறவரு வந்துட்டாரு, அப்பால பேசிக்கலாம்" என்பான் ஒருவன். பாவம், அந்த மனிதர் டீயை ஆற்றக்கூட நேரமின்றி விழுங்கிவிட்டுப் போவார்.

இந்த வருஷம் பன்னிருவரில் ஒருவனாகத் தேர்வாகியிருந்த நம் வீரனுக்கு அது விளையாட்டாக இல்லை. பூந்தமல்லி சவரிராயன் தம் மகனுக்குப் பிலோமினாவைக் கேட்டிருந்தார். பெண் பிடித்துவிட்டது. குடும்பம் எப்படி என்று பார்க்கப் பெரிய வியாழன் பூசைக்கே வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். அவர் வந்து பார்க்கும்போது பெண்ணின் தகப்பன் யூதாஸ் நாற்காலியில் கொலுவீற்றிருந்தால் எவன் பெண்ணெடுப்பான்?

எனவே மதலைமுத்து போர்க்கோலம் பூண்டான். பாதங்கழுவ வரும் சாமியாருக்குக் கழுவ எதுவும் மிஞ்சாதபடி, செங்கல் துண்டால் குதிகால் தேய்த்து, சீயக்காய் பூசி, நகக்கண்களில் வம்சாவளியாகக் குடியிருந்த கிரீசை ஊக்கு முனையால் வேரறுத்து, தேங்காயெண்ணெய் தடவி, சலவை வேட்டியை இறுக்கிக் கட்டி எழுந்தான். வெற்றித் திலகமிட்டு வழியனுப்ப வேண்டிய வீரமனையாள் அமலோற்பவம் இடுப்பில் கைவைத்துப் பிரகடனம் செய்தாள்.

"எதுல வேணா குந்துங்க. அந்தக் கடைசி நாற்காலில மட்டும் குந்திட்டு ஊட்டாண்ட வந்துடாதீங்க."

களம் சென்று பார்த்தால், மற்றப் பதினொரு பேரும் பூசைக்கு வெகுநேரம் முன்னதாகவே வந்து தூண்களோரம் பதுங்கியிருந்தார்கள். எல்லாப் பாதங்களும் எண்ணெயில் மின்னின. வாசகம் முடிந்து மணி அடிக்கும்வரை யாரும் அமரக்கூடாது என்று உபதேசியார் ஆணையிட்டிருந்தார். கோவிலுக்குள் ஓடக்கூடாது, பேசக்கூடாது, கூப்பிய கை பிரியக்கூடாது என்பவை ஏற்கெனவே உள்ள போர் விதிகள். பின்சுவரோரம் கூட்டத்தோடு கூட்டமாகச் சவரிராயன் நிற்பதை மதலைமுத்து ஓரக்கண்ணால் கண்டுகொண்டான், கண்டதும் கூப்பிய கையை இன்னும் உயர்த்திக்கொண்டான்.

மணி அடித்தது. ஐயோ, அந்தச் சமரை எப்படிச் சொல்வேன்! கைகள் கூப்பியபடியே இருக்க, முகங்களில் பக்தி சொட்டச் சொட்ட, இதழ்கள் செபத்தை முணுமுணுக்க, முழங்கைகள் மட்டும் கதாயுதங்களாகி விலாவெலும்புகளைத் தேட, குதிகால் பக்கத்துக் கட்டைவிரலை நசுக்க, நசுங்கியவன் 'ஆ' என்பதை 'ஆமென்' என்று முடிக்க, பாடகர் குழு அன்பைக் குறித்து உருகியுருகிப் பாட, பன்னிரு சீடரும் ஓடாத ஓட்டமாய்ப் பாய்ந்து பீடத்தை நோக்கிப் பெருகினார்கள். எண்ணெய்ப் பாதம் வழுக்கி இரண்டு பேர் நாற்காலியோடு நகர்ந்தே போனார்கள். புழுதி அடங்கியபோது பத்து நாற்காலிகளில் பத்து வெற்றிவீரர்கள் கண்மூடித் தியானத்தில் இருந்தார்கள்.

பதினோராவது நாற்காலியில் மட்டும் இரண்டு பேர். ஒரு பாதியில் மதலைமுத்து. மறுபாதியில் இன்னாசி, அவனோடு ஒரே ஷிப்டில் வேலை பார்ப்பவன், ஒரே டிபன் கேரியரில் தின்பவன், பிலோமினாவுக்கு ஞானஸ்நானத் தொட்டியருகே நின்ற ஞானத்தகப்பன். பன்னிரண்டாவது நாற்காலி காலியாக, வெற்றிலைபாக்கு வைத்து அழைப்பதுபோல் பக்கத்திலேயே இருந்தது.

"மச்சான், தள்ளு. பாதி ஒடம்பு கீழ தொங்குது" என்று உதடசையாமல் சொன்னான் இன்னாசி.

"நீ தள்ளு. எனக்குப் பொண்ணு கல்யாணம் கீது."

"எனக்கு டீக்கடை இல்லியா?"

இடுப்புக்கு இடுப்பு மோதியது. நாற்காலி முனகியது. சாமியாரோ முதற்காலைக் கழுவி, இரண்டாங்காலைத் துடைத்து, தண்ணீர்க் கிண்ணத்தோடு ஒவ்வொரு ஆளாக நெருங்கிக்கொண்டிருந்தார். பெரியவனாக ஆசைப்படுபவன் முதலில் குனியட்டும் என்று இடையிடையே அவர் உரக்கச் சொன்னது கோவில் முழுவதும் கேட்டது. கேட்ட இருவரும் குனிந்துதான் தள்ளினார்கள்.

அப்போது மதலைமுத்து பிரம்மாஸ்திரத்தை எடுத்தான். இன்னாசியின் தோளில் அன்பாகக் கை போட்டு, காதோடு சொன்னான்: "உன் சைக்கிளை எவனோ தள்ளிகினு போறான்."

இன்னாசி துள்ளி எழுந்து வாசலுக்கு ஓடினான். வேப்பமரத்தடியில் சாய்த்த இடத்திலேயே சைக்கிள் நின்றது. திரும்பி வந்தபோது பதினோராவது நாற்காலி முழுவதிலும் மதலைமுத்து பரந்து வியாபித்திருந்தான். இன்னாசி திட்டவில்லை, தள்ளவும் இல்லை. "சைக்கிள் கீதுடா" என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு, தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அந்த இரண்டு சொல்லுக்கு, விலாவில் வாங்கிய அத்தனை இடியும் தேவலாம்போல் இருந்தது நம் வீரனுக்கு.

கிண்ணம் பதினோராவது நாற்காலிக்கு வந்தது. சாமியார் தலை தூக்கிப் பார்த்தார். கடைசி நாற்காலி காலி. கால் கழுவ ஓர் ஆள் குறைகிறது, யாராவது வாருங்கள் என்றார். நூறு விசுவாசிகளும் ஒரே சமயத்தில் கூரையோடுகளை ஆராய்ச்சி செய்தார்கள். சின்னப்பன் குனிந்து செருப்பில்லாத காலில் செருப்பைத் தேடினார். சாமியார் முழங்காலிலேயே காத்திருந்தார். மதலைமுத்துவுக்குக் காது சுட்டது, எழுந்து அதில் போய் உட்கார்ந்துவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது, ஆனால் வயிறு எழவிடவில்லை.

பின்சுவரோரத்திலிருந்து சவரிராயன் வந்தார். கூட்டத்தை மெல்ல விலக்கிக்கொண்டு, எல்லார் கண்ணெதிரிலும் கோவிலின் நீளம் முழுவதும் நடந்து வந்து, கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். "கொஞ்சம் தள்ளிக் குந்துங்க, சம்பந்தி" என்றார்.

சம்பந்தி! எந்தச் சொல்லுக்காகச் செங்கல்லால் தேய்த்தானோ, எந்தச் சொல்லுக்காக நண்பனைப் பொய்யால் வீழ்த்தினானோ, அந்தச் சொல் அந்த நாற்காலியிலிருந்தே வந்து விழக்கண்ட மதலைமுத்து, ஆனந்தப்படவும் முடியாமல் அழவும் முடியாமல், இத்தனை பெரிய தாழ்மைக்கு முன் தான் வெறும் தூசி என்று உள்ளம் குன்ற, பெண்கள் பக்கத்தில் முந்தானைகள் கண்களுக்கு உயர, பத்து வீரர்களும் நாணித் தலைகவிழ, உபதேசியார் மார்பில் சிலுவையிட்டுக்கொள்ள, சாமியாரே ஒரு கணம் நெகிழ்ந்து அந்தப் புழுதிப் பாதங்களை இரு கைகளிலும் ஏந்த, ஆகா, கிறிஸ்துவைப் பின்செல்லும் மனிதன் ஒருவனாவது இந்த ரயில் பாதையோரம் அகப்பட்டானே என்று கோவில் முழுதும் பெருமூச்செறிய, அப்பெருந்தகை கண்களை மூடிக் காலை நீட்டினார்.

பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததில் அவருக்குக் கால் வலி.