மேல்கோட்டாரின் மூன்று கோடுகள்

குற்றம் செய்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். குற்றங்களை வகை பிரிப்பதற்கென்றே பிறந்தவர் உலகத்தில் ஒரேயொருவர்தான். அவர் கோப்பாயில் எங்கள் ஒழுங்கையில், நாலு வீடு தள்ளி இருந்தார்.

நீதிமன்றத்தை நாங்கள் ‘கோடு’ என்போம். கோட்டில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். எந்தக் கதையையும் மேல் நீதிமன்றத்தில் கொண்டுபோய் முடிப்பதால் ‘மேல்கோட்டார்’ என்று பெயர் விழுந்தது. சொந்தப் பெயரை அவருடைய மனைவியே மறந்திருப்பார்.

“குற்றத்துக்கெண்டு கோடு மூண்டு வகை. சில்லறைச் சண்டைக்கு ஆரம்ப நீதிமன்றம். களவு, காயத்துக்கு நீதவான் நீதிமன்றம். கொலைக்கு மேல் நீதிமன்றம். இதுகூடத் தெரியாமல் எப்பிடிச் சீவிக்கிறியள்?” என்று பேக்கரியில் பாணுக்கு வரிசையில் நிற்பவர்களைக் கேட்பார்.

ஒருநாள் பக்கத்து வீட்டு மணியக்கா, ஆடு தன் முருங்கைக் கன்றைத் தின்றுவிட்டதாக அவரிடம் முறையிட்டாள்.

“ஆட்டுக்காரன் வேணுமெண்டு அவிட்டு விட்டவனோ, கைதவறி விட்டவனோ?”

“எனக்கெப்பிடித் தெரியும்?”

“வேணுமெண்டு விட்டால் குற்றம். கைதவறினால் குடியியல், நட்டஈடு மட்டும். ரெண்டுக்கும் வேறை வேறை வழி.”

அவர் விளக்கி முடிப்பதற்குள் ஆடு திரும்பி வந்து மற்றக் கன்றையும் தின்றுவிட்டது.

தொண்ணூற்றொன்றில் போரால் கோடுகள் பூட்டிக் கிடந்தன. பெற்றோல் இல்லை. பஸ், லொறி, அம்புலன்ஸ் எல்லாம் சைக்கிள்தான். கோயில் வாசலில் விட்ட என் சைக்கிள் காணாமல் போனது. இரண்டாம் நாள் அதிலேயே வந்த ஒரு மெலிந்த மனிதனைச் சந்தியில் பிடித்துப் பூவரசில் கட்டினோம். இருபது பேர் கூடிவிட்டார்கள். நான் வேலியில் ஒரு கிளுவந்தடி முறித்தேன்.

அப்போது மேல்கோட்டார் ஓடிவந்தார். பாதி முகம் சவரம் செய்திருந்தது. மறுபாதியில் சவர்க்கார நுரை.

“பொறு தம்பி. சைக்கிள் கோயில் மதிலுக்கு உள்ளையோ, வெளியிலையோ நிண்டது?”

“வெளியிலை.”

“அப்ப உது வெறும் களவு. நீதவான் கோடு.”

“உள்ளை எண்டால்?” என்று யாரோ கேட்டுவிட்டார். அதோடு எங்கள் கதை முடிந்தது. மேல்கோட்டார் வேரில் உட்கார்ந்து விளக்கத் தொடங்கினார். முன்சில்லு உள்ளே, பின்சில்லு வெளியே என்றார் ஒருவர். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வாதாடியது. வெயில் ஏறியது. வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்ட வேண்டியவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். கடைசியில் நான், அவர், கள்ளன் மூவர்தான் மிச்சம்.

அவர் கயிற்றை அவிழ்த்தார். “ஓடெண்டு நான் சொல்லேல்லை. உன்னைக் கட்டி வைக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை எண்டுதான் சொல்லுறன்.”

எங்கள் ஒழுங்கையில் எவருக்கும் புரியாத சட்டம் அந்த மனிதனுக்கு உடனே புரிந்தது. ஒரே ஓட்டம்.

எனக்குக் கோபம் தாங்கவில்லை. “கோடே இல்லாத நேரத்திலை ஏன் அண்ணை உந்தக் கதையெல்லாம்?”

அவர் என் கையிலிருந்த தடியை மெதுவாக வாங்கினார். கன்னத்தில் சவர்க்காரம் காய்ந்திருந்தது.

“இதாலை மண்டையிலை ஒரு அடி பட்டிருந்தால் அவன்ரை வழக்கு முடிஞ்சுது. உன்ரை வழக்குத் துடங்கியிருக்கும். எந்தக் கோட்டிலை?”

“மேல் நீதிமன்றத்திலை.”

“ஓம். உன்னை அந்தக் கூண்டிலை வைச்சுப் பாக்க என்னாலை ஏலாது தம்பி.”

சைக்கிளை உருட்டிக்கொண்டு இருவரும் வீடு திரும்பினோம். மேன்முறையீடு பற்றி வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். அன்றைக்கு ஒரு சொல்லையும் விடாமல் கேட்டுக்கொண்டு நடந்தேன்.