ஓரம் பார்க்கத் தெரிந்த பெர்லா டீச்சர்

இல்லடியம்மா, பள்ளிக்கூடத்துக்கு லாரியில கம்ப்யூட்டர் வந்ததும் நெசம், திறப்பு விழா முடிஞ்சு அதே லாரியில போனதும் நெசம். நீ போன மாசம் தலைநகர் அசுன்சியோன்லேருந்து குடி வந்தவ, உனக்கெப்படித் தெரியும்? அதுங்களுக்கு அடியில விரிக்க மேசைத்துணி குடுத்தவளே நான். துணியும் லாரியோட போயிருச்சு. கையால பின்னுன துணி. அது கெடக்கட்டும், பெர்லா டீச்சர் கதைக்கு வாரேன்.

பெர்லா நாலு வருஷமா தற்காலிக டீச்சர். டிசம்பர்ல வருஷ லீவு விட்டதும் வேலை போகும், பிப்ரவரியில திரும்ப வரும். நடுவுல சிப்பா ரொட்டி சுட்டு பஸ் ஸ்டாண்டுல விப்பா. அந்த வருஷம் மேலிடத்துலேருந்து ஒரு சுற்றறிக்கை வந்துச்சு. 'கட்புலனாவதை மொழிவழி வெளிப்படுத்தும் திறன் மேம்பாட்டுத் திட்டம்.' அதாவது, பிள்ளைங்க ஒரு போட்டோவப் பார்த்து அதுல என்ன இருக்குன்னு வாயால சொல்லணும். அத்தனை பேரும் பாஸானா டீச்சருக்கு வேலை நிரந்தரம்.

சுற்றறிக்கை வந்துச்சு, போட்டோ வரல. கேட்டு எழுதுனா, 'தேவைப்படும் புகைப்படத்தை விரிவாக விவரித்து விண்ணப்பிக்கவும்'னு பதில்.

பள்ளிக்கூடத்துல இருந்ததே ஒரே படம். கம்ப்யூட்டர் அறை திறப்பு விழா. ஹெட்மாஸ்டர் தலைக்கு மேல தொங்குனது. பெர்லா அதைக் கழட்டிட்டு வந்து அஞ்சு மாசம் பாடம் நடத்துனா. "தெரியிறத மட்டும் சொல்லுங்க. ஓரத்த விட்றாதீங்க. படம் எடுக்கிறவன் நடுவுலதான் பார்ப்பான், ஓரத்துலதான் எல்லாம் நடக்கும்"பா. வாஸ்தவம்தான். என் கல்யாணப் படத்துல ஓரமா நின்ன மாமியா கண்ண மூடிக்கிட்டா. அதுக்கு முப்பது வருஷம் என்னைத்தான் திட்டுனா.

பரீட்சை அன்னைக்கு ஸ்கூல் இன்ஸ்பெக்டர் தோன் எவாரிஸ்தோ வந்தாரு. தெரெரே மூலிகைத் தண்ணியக் குழல் போட்டு உறிஞ்சிக்கிட்டே படத்தப் பார்த்தாரு. நட்ட நடுவுல அவரே நிக்கிறாரு. மனுஷனுக்கு மனசு குளுந்து போச்சு.

மொதல்ல வந்தவ லிதுவினா, படகோட்டி மக. கையக் கட்டிக்கிட்டு ஆரம்பிச்சா.

"நடுவுல பத்து கம்ப்யூட்டர். ஒண்ணுக்கும் ஒயர் இல்ல. ஐயா சிரிக்கிறாரு. வலது ஓரத்துல கதவு. கதவுக்கு வெளிய ஒரு லாரி, பின்பக்கம் தொறந்து கெடக்கு. ரெண்டு பேரு கயித்தோட காத்துக்கிட்டு நிக்கிறாங்க."

தோன் எவாரிஸ்தோ உறிஞ்சறத நிறுத்திட்டாரு. "எதுக்குக் காத்திருக்காங்க?"

"அது படத்துல தெரியல ஐயா. தெரியிறத மட்டும்தான் சொல்லச் சொன்னாங்க டீச்சர்."

பெர்லாவுக்கு அடுத்த பிப்ரவரி இனி வராதுன்னு தோணிருச்சு.

"டீச்சர், இது விவரிப்பு இல்ல. இது புகார்"னாரு அவரு. "புகாருக்குத் தனிப் படிவம் இருக்கு."

"அப்ப ஃபெயில் போட்ருங்க ஐயா."

"எப்படிம்மா போடறது? ஃபெயில் போட்டா காரணம் எழுதணும். காரணம் எழுதுனா லாரிய எழுதணும்."

யோசிச்சு, ஒரு வெள்ளத்தாளக் கிழிச்சு வலது ஓரத்துல ஒட்டுனாரு. அடுத்த பையன் வந்தான். "வலது ஓரத்துல வெள்ளத்தாள் ஒட்டிருக்கு. பசை இன்னும் காயல." ஒயர் இல்லாத எடத்துலயும் தாள் ஒட்டுனாரு. அடுத்தவன் ரெண்டு தாளையும் சொன்னான். ஒட்டி ஒட்டிக் கடைசியில அவரு மூஞ்சி மட்டும்தான் மிச்சம். கடைசிப் பொண்ணு ரொம்ப நேரம் பார்த்துட்டுச் சொல்லுச்சு: "ஒருத்தர் சிரிக்கிறாரு. எதுக்குன்னு தெரியல."

அம்பத்திரண்டு பேரும் பாஸ்.

பெர்லா மூணு வாரம் சரியாச் சாப்பிடல. அப்புறம் ஆர்டர் வந்துச்சு. வேலை நிரந்தரம். ஆனா நம்ம பள்ளிக்கூடத்துல இல்ல, தலைநகர்ல, 'புகைப்படச் செம்மையாக்கப் பிரிவு'ல. பேப்பருக்குப் போற விழாப் படங்கள அவ மொதல்ல பார்க்கணும். ஓரத்துல என்ன இருக்குன்னு கண்டுபிடிச்சு வெட்டணும். கீழ ஒரு வரி எழுதணும். நாடு பூரா தேடியும் ஓரம் பார்க்கத் தெரிஞ்ச ஆளு அவ ஒருத்திதான்னு பரிந்துரை பண்ணுனது தோன் எவாரிஸ்தோ.

"போகவா?"ன்னு என்கிட்ட வந்து கேட்டா.

"போடி பைத்தியக்காரி, வருஷம் பூரா சம்பளம்"னேன். நான்தான் சொன்னேன். ஊரே அதத்தான் சொல்லுச்சு.

பஸ் ஏத்திவிட மொத்த ஊரும் தலைய வாரிக்கிட்டுப் போயி, அவகூட ஒரு போட்டோ எடுத்துக்கிட்டோம். லிதுவினா தேம்பித் தேம்பி அழுதுக்கிட்டு ஓரமா நின்னா. படம் கெட்டுப் போகுமேன்னு நான்தான் அவ தோளப் பிடிச்சு, "கொஞ்சம் தள்ளி நில்லு கண்ணு"ன்னு வெளிய தள்ளுனேன்.

இன்னும் நம்பிக்கை வரலியா? இரு, என் பேத்தியக் கூப்பிடறேன். ஏய் நிமியா, அலமாரி மேல ஒரு படம் சட்டம் போட்டு வச்சிருக்கேன் பாரு. நாங்க எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருப்போம். அத இங்க எடுத்துட்டு வா.