மாமனாருக்குக் காட்ட ஓர் அணு

"எங்கேம்மா அணு?" என்று மாமனார் கேட்டதுதான் தாமதம், லேசர் தடம் புரண்டது. திரையில் திரண்டுகொண்டிருந்த அணுக்கூட்டம் காணாமல் போனது.

விஞ்ஞானியான மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டாள். மாமனார் காய்கறிச் சந்தையில் ஏலம் விட்டே தலை நரைத்தவர். அவர் சொல்லும் ரகசியம்கூடத் தெருக்கோடிக்குக் கேட்கும். மருமகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யார் கேட்டாலும், என்னவோ குளிர வைக்கிறாளாம், ஒரு ஐஸ் துண்டைக்கூட நான் பார்த்ததில்லை என்பார். அந்த வாயாலேயே ஒரு சபாஷ் வாங்கிவிட வேண்டும் என்றுதான், ஊருக்கு பஸ் ஏறக் கிளம்பியவரை வழிமறித்து ஆய்வகத்துக்குக் கூட்டி வந்திருந்தாள்.

எந்த மலை உச்சியிலும் இல்லாத குளிரில் அணுக்களை அடக்கி, ஒளியால் பின்னிய முட்டைத்தட்டில் குழிக்கு ஒன்றாக உட்கார வைப்பது அவள் வேலை. உலோகத்துக்குள் கண்ணில் படாமல் எலக்ட்ரான்கள் போடும் ஆட்டத்தை, அவற்றுக்குப் பதில் இந்த அணுக்களை ஆட விட்டுப் பார்த்துக்கொள்ளலாம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதே பிழைப்புதான். ஆனால் தட்டு ஒருநாளும் முழுசாக நிரம்பியதில்லை.

"சின்னச் சத்தம் வந்தாலும் லேசர் கெட்டுடும் மாமா. கொஞ்சம் பேசாம இருங்க."

அவர் வாயை மூடிக்கொண்டார். அடக்கிய பேச்சு இருமலாக வந்தது, லேசர் போயிற்று. ஆராய்ச்சி மாணவி இருமலுக்கு மிட்டாய் கொடுத்தாள்; காகிதம் சரசரத்தது. உட்கார்ந்தால் அடங்குவார் என்று ஸ்டூல் போட்டார்கள், அது கிரீச்சிட்டது. ஸ்டூலைப் பிடிக்கப் போன மாணவி, கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் போட்டாள்.

விஞ்ஞானிக்குப் பொறுமை போய்விட்டது. "மாமா, கொஞ்ச நேரம் வராந்தாவுல இருங்களேன்."

அவர் முகம் சுருங்கியது. எழுந்து வெளியே போனார்.

அவள் லேசர் பாதையில் இருந்த ஒரு கண்ணாடியை மயிரிழை அளவு திருப்பினாள். லேசர் தடம் மாறாமல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. திரையில் குழிகள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்து, தட்டு முழுக்க நிரம்பியது. மாணவி அழுதேவிட்டாள். இத்தனை வருஷ உழைப்பு, எல்லாம் தன் கைவண்ணம் என்று விஞ்ஞானிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த நொடியே, இதைப் பார்க்க வேண்டிய மனிதரையல்லவா வெளியே அனுப்பிவிட்டோம் என்று உறைத்தது.

ஓடினாள். வராந்தா பெஞ்சு காலியாக இருந்தது. கோபித்துக்கொண்டு பஸ்ஸுக்கே போய்விட்டார் போலிருக்கிறது. லிஃப்ட் பொத்தானை அமுக்கினாள், அது அசையவில்லை. மாமா, மாமா என்று கூப்பிட்டபடி படிக்கட்டுப் பக்கம் திரும்பியவளை, பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நின்ற புதுக் காவலாளி மறித்தார்.

"உஷ், மெதுவாம்மா," என்று கிசுகிசுத்தார். "'உள்ள என் மருமக, பெரிய விஞ்ஞானி, வேலை பார்க்கிறா'ன்னு சொல்லி ஒரு பெரியவர் லிஃப்டை நிறுத்தி, எங்க எல்லாரையும் செருப்பு கழட்ட வெச்சு, இப்ப ரோட்டுல லாரியை மறிக்கப் போயிருக்கார்."