நாற்பது ஓடும் ஒரு மைத்துனரும்

அர்கியாஸ் மகன் பிலாக்ரோஸ் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் புருஷன் லைசோன் எழுதுவது: மகிழ்க. பத்து நாளுக்குள் ஏதென்ஸைவிட்டுப் பத்து வருஷத்துக்கு வெளியேற வேண்டியவரிடம் இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனால் கடிதம் என்றால் இப்படித்தானே தொடங்க வேண்டியிருக்கிறது. இங்கு தங்கள் தங்கை மேலித்தா நலம். நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை என்பதால் அவள் தொண்டையும் நலம்.

இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்பீர்கள். உங்கள் முகத்தில் விழிக்க வெட்கமாக இருக்கிறது, மச்சான். நேற்றுச் சந்தைத்திடலில், யாரை ஊரைவிட்டு அனுப்புவது என்று பானை ஓட்டில் பெயர் கீறிப் போடும் நாள் அல்லவா? என் ஓட்டை முடித்துவிட்டு ஆணியும் கையுமாக நின்றேன். கரி விற்கும் பாக்கியோஸ் வந்து, "யோவ் லைசோன், எனக்கு எழுத்து வராதுய்யா. அந்த பிலாக்ரோஸ் பேரைக் கீறிக் குடு" என்றான்.

"எந்த பிலாக்ரோஸ்?"

"கப்பல் கட்டணும், கப்பல் கட்டணும்னு உசிரை வாங்குறானே ஹெர்மோன் மகன், அவன்தான். உன் மச்சானையா சொல்வேன்? அவரு நல்ல மனுசன். என்ன, பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு."

அவனுக்குப் பின்னால் அதே பெயரைக் கேட்டு எங்கள் தெருவே வரிசை கட்டிவிட்டது. உங்கள் எதிராளியை நானே துரத்தப்போகிறேன் என்ற பெருமையில் உட்கார்ந்து, அத்திப்பழம் மென்றுகொண்டு, போகிற வருகிறவனிடமெல்லாம் வம்பு பேசிக்கொண்டு, என்னுடையதையும் சேர்த்து நாற்பது ஓடு கீறித் தள்ளினேன். நீங்கள் படையோடு வெளியூர் போகும்போதெல்லாம் உங்களுக்குக் கடிதம் எழுதிப் பழகின கை, மச்சான். பிலாக்ரோஸ் என்று கீறினாலே பக்கத்தில் 'அர்கியாஸ் மகன்' என்று தானாக இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. நான் என்ன செய்வேன்!

எண்ணி முடித்து, "ஹெர்மோன் மகனைவிட முப்பத்தொரு ஓடு அதிகம், வெளியேற வேண்டியவர் அர்கியாஸ் மகன்" என்று கூவினபோது பாக்கியோஸ் என் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"நான் என்ன சொன்னேன், நீ என்னய்யா எழுதின?"

"வாங்கினப்பவே படிச்சுப் பார்த்திருக்கணும்."

"படிக்கத் தெரிஞ்சா உன்கிட்ட ஏன்யா வரேன், அறிவுகெட்டவனே!"

வீட்டுக்கு வந்தால் மேலித்தா, "எங்க அண்ணனுக்கு ஹெர்மோன் மகன் எதுக்கு, நீங்க ஒருத்தரே போதுமே" என்று சொன்னதுதான் கடைசிப் பேச்சு.

சட்டப்படி தங்கள் நிலத்தை யாரும் தொட முடியாது. ஒலிவ மரங்களை நான் பார்த்துக்கொள்கிறேன், என்னை நம்புவதானால். கை செய்த பிழையை மனசில் வைக்காதீர்கள். அதீனா தேவி தங்கள் பயணத்துக்கு நல்ல காற்றைத் தரட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசி.

தலை நிமிராத,
லைசோன்

பி.கு.: பழக்கம் என்று மேலே எழுதியது பொய். முதல் ஓடு என்னுடையது. அதில் கை தவறவில்லை. போன விருந்தில் அத்தனை பேர் முன்னால், "நம்ம லைசோனுக்கு வேற ஒண்ணும் வராது, எழுத மட்டும் வரும்" என்று சிரித்தீர்களே, அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரே ஓடு, என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். மற்ற முப்பத்தொன்பதும் கையோடு கையாக வந்துவிட்டன.